ஞாயிறு உளவியல் அரட்டை: பழக்கங்கள்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு, 14ஆம் தேதி, மாலை 5 மணிக்கு ஜூமில் கூடுகிறோம்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று நம் குழுவிலேயே எத்தனை ஃபார்வர்டு வந்திருக்கும்! ஆனால் லண்டனில் உளவியல் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழுவினர், புதுப் பழக்கம் தொடங்கிய 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். கணக்கிட்டதில், பழக்கம் படிய ஆகும் காலத்தின் நடு அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை (12 வாரத்தைத் தாண்டியவை கணிப்பு). நடுவே ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லையாம். அப்பாடா!

1. பாதியில் விட்ட ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.
2. "பல் துலக்கியதும் இதைச் செய்வேன்" என்பதுபோல் ஒரே வரியில் எழுதி வாருங்கள்.
3. கலைச்சொல் வேண்டாம். சொந்தக் கதை சொல்வதும் கட்டாயமில்லை.
4. வெள்ளி இரவுக்குள் 'வருகிறேன்' என்று பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் எனக்குக் கணக்கு புரிவதில்லை.