வளைகாப்புக்கு வராத காரணம்

அன்புள்ள சாந்திக்கு,

நலம்தானே? உன் மகளின் வளைகாப்புக்கு ஏன் வரவில்லை என்று நீ தொலைபேசியில் கேட்டபோது, "அசதியாக இருந்தது" என்று மட்டும் சொன்னேன். நீயும் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தச் "சரி"யில் இருந்த மனத்தாங்கல் எனக்குப் புரியாமல் இல்லை.

எனக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய், என்று தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூட்டு வீக்கத்தையும் கன்னத்தில் படர்ந்த சிவப்பையும் கண்ணால் பார்த்தவர்கள் அதை நோயென்று ஒப்புக்கொண்டார்கள். மாத்திரைகளால் அவை அடங்கிய பிறகும் போகாத இந்த அசதியைத்தான் எவரும் நம்புவதில்லை. வேலை செய்து வரும் களைப்பு தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். இதுவோ எட்டு மணி நேரம் தூங்கி விழிக்கும்போதே என்னோடு சேர்ந்து விழித்துக்கொள்கிறது. தலை வாரக் கையைத் தூக்கினால், பாதிப் பின்னலோடு கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறேன். லூபஸ் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது உண்டு. கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோகிரன் நோய், முடக்குவாதம் முதலிய இதே வகைத் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஃபுளூ காய்ச்சலின்போது எவரும் சொல்லாமலே படுத்துக்கொள்ளத் தோன்றுகிறதல்லவா? கிருமியோடு போராடும் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின் போன்ற பொருள்கள் மூளையை எட்டி நம்மைப் படுக்க வைக்கின்றன. எங்கள் உடலில் அந்தப் போராட்டம் சொந்தத் திசுக்களோடு நடப்பதால் முடிவதே இல்லை. ஆனால் இதுவும் முழு விளக்கம் அன்று. நோய் தணிந்திருப்பதாக இரத்தப் பரிசோதனை காட்டும் மாதங்களிலும் அசதி குறையாமல் இருப்பதுண்டு. அப்படியொரு மாதத்தில்தான் ஒரு மருத்துவர், "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மனத்தை உற்சாகமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார். நானும் இரண்டு ஆண்டுகள் என்னையே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது பார்க்கும் மருத்துவர் அசதியையே ஒரு நோய்க்குறியாக எடுத்துக்கொண்டு துருவித் துருவிக் கேட்டார். ஹீமோகுளோபின் 9-க்கும் கீழே இருந்தது. தைராய்டும் குறைந்திருந்தது; இத்தகைய நோய்களோடு அதுவும் அடிக்கடி சேர்ந்து வருமாம். வெயில் ஆகாதென்று வீட்டுக்குள்ளேயே இருந்ததில் வைட்டமின் டி அறவே குறைந்துபோயிருந்தது. லூபஸுக்கான ஸ்டீராய்டு மாத்திரையை இரவில் விழுங்கிவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தேன். காலை உணவுக்குப் பின் போடச் சொன்னார். ஒவ்வொன்றையும் சரிசெய்யச் செய்ய, அசதியில் ஏறக்குறைய பாதி கழிந்தது.

மீதிப் பாதிக்கு உடற்பயிற்சி என்று அவர் சொன்னபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எழுந்து நிற்கவே முடியாதவளிடம் நடக்கச் சொல்வதா? பிரிட்டனில் இத்தகைய நோயுள்ள 367 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், தொலைபேசி வழியாகவே ஒவ்வொருவருக்கும் ஏற்ற பயிற்சியோ மனநல ஆலோசனையோ தந்ததில் அசதி குறைந்ததையும், அந்தப் பலன் ஓராண்டு கழித்தும் நீடித்ததையும் அவர் பொறுமையாக விளக்கினார். மாலையில் மொட்டைமாடியில் ஐந்து நிமிடத்தில் தொடங்கிய நடை இப்போது இருபதுக்கு வந்திருக்கிறது.

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும். எந்தக் குடத்தை முதலில் வைப்பது என்று கணக்குப் பார்த்தே பிடிக்க வேண்டும். என் நாளும் அப்படித்தான். வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு, உடம்பு தேவலை என்ற தைரியத்தில் பரணை ஒழித்தேன். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. எடுத்து வைத்த பட்டுப்புடவை நாற்காலியிலேயே கிடந்தது.

பேரக்குழந்தை பிறந்ததும் சொல்லி அனுப்பு. முந்தின வாரம் ஒரு வேலையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் வந்து சேர்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பின் உள்ளறையில் ஒரு பாயும் தலையணையும் போட்டு வை. வந்தவர்கள் கேட்டால் நீயே பதில் சொல்லிவிடு.

அன்புடன்,
கோமதி