முயல் மசால் விதைத்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேய்ச்சல் காட்டில் முயல் மசாலோ வேலி மசாலோ (இரண்டும் பயறு வகைத் தீவனச் செடிகள்) விதைத்துவிட்டால் மண் தானாக வளமாகிவிடும் என்று வேளாண் பக்கங்களில் எழுதுகிறார்கள், விவசாயிகள் கூட்டங்களிலும் அதையேதான் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. காற்றில் 78 சதவீதம் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றுவது செடி இல்லை, அதன் வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா. அதற்குச் சாப்பாடு மேலேயிருந்து வரவேண்டும், அதாவது இலை தயாரிக்கும் சர்க்கரை. செம்மறியை விட்டு மொட்டையாக மேய விட்டால் சர்க்கரை இறங்காது, சில நாட்களிலேயே முடிச்சு சுணங்கிவிடும், பல முடிச்சுகள் அழுகி உதிர்ந்தும் போகும்.

அதற்காக மேய்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. அளவாக மேய்ந்தால் உதிரும் முடிச்சும் சல்லிவேரும் மண்ணில் மக்கி, பக்கத்தில் நிற்கும் கொழுக்கட்டைப்புல்லுக்குத்தான் உரமாகின்றன. பிறகு செடி தழைக்க இடைவெளி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளை, அதாவது மானாவாரி மேய்ச்சல் காடுகளைப் பாருங்கள், முள்கிளுவை வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது இன்னொன்றை ஆற விடுகிற வழக்கம் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது, நரிப்பயறு என்கிற காட்டுப் பயறும் புல்லோடு சேர்ந்து தானாக முளைக்கும். இப்போது ஆள் இல்லை, நிலமும் சுருங்கிவிட்டது என்று ஒரே காட்டில் வருஷம் முழுக்க விடுகிறோம்.

இன்னொன்று, மாடு தின்ற தழைச்சத்தில் பெரும்பங்கு சாணியாகவும் மூத்திரமாகவும் திரும்ப மண்ணுக்கே வந்துவிடும், ஆனால் வருவது மாடு படுக்கும் வெள்வேல மர நிழலிலும் தண்ணித் தொட்டி ஓரத்திலும்தான். அங்கே வேறு வகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்ற, ஐப்பசி மழை அதை அடித்துக்கொண்டு போகிறது. பட்டியை இடம் மாற்றி மாற்றிப் போட்டது சும்மா இல்லை!

புல் மஞ்சளாக இருக்கிறதென்று யூரியாவை அள்ளி வீசுகிறவர்களும் உண்டு. மண்ணில் தழைச்சத்து சுலபமாகக் கிடைத்தால் செடி எதற்குச் சர்க்கரை செலவழித்து பாக்டீரியாவுக்குச் சோறு போடும்? அந்தக் காசுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) போட்டாலாவது முடிச்சு நன்றாக வைக்கும். சந்தேகம் இருந்தால் ஈரம் இருக்கும்போது ஒரு செடியை மண்ணோடு தோண்டி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இல்லை. இதற்கு ஆய்வகம் தேவையில்லை.

விதை கொடுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். விதையோடு, அதில் கலந்து விதைக்க அதற்கேற்ற ரைசோபியம் பொட்டலத்தையும் கொடுங்கள். குதிரை மசாலுக்கான பாக்டீரியா முயல் மசாலுக்கு உதவாது, எதையோ ஒன்றைக் கொடுத்துவிட்டு முளைப்பு சரியில்லை, மண் சரியில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. கடைகளில் வெயிலில் கிடந்த பொட்டலத்தில் உயிரோடு என்ன மிஞ்சியிருக்கும்? அப்புறம், முயல் மசாலை முதலில் அறுக்க 75 நாள் ஆகும், வேலி மசாலுக்கு 90 நாள், வேலி மசாலைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பதை விதைப் பையின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சடித்துவிடலாமே.

இப்படிக்கு,
கொரங்காட்டு விவசாயி ஒருவர்,
காங்கேயம் வட்டம்.