பத்து கிலோமீட்டரோடு நின்றுவிடாத புகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களுக்கு விதிக்கப்பட்ட, நிலக்கரி எரியும்போது வெளியேறும் கந்தக டை ஆக்சைடு வாயுவுக்கான வரம்பு, பத்தாண்டு காலம் தள்ளிப்போடப்பட்டபின், 2025 ஜூலை அறிவிக்கையால் பெரும்பாலான நிலையங்களுக்குத் தளர்த்தப்பட்டுவிட்டது. பெருநகரிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் நிலையம் இருக்கிறதா என்பதே அதில் முதன்மையான அளவுகோல். நிலையத்துக்கு அனுமதி வழங்குமுன் தயாரிக்கப்படும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளின் ஆய்வுப் பரப்பும் வழக்கமாக இதே 10 கிலோமீட்டர் வட்டம்தான்.

மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று இந்த வட்டத்தை அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பொழுதில் கடந்துவிடும். கந்தக டை ஆக்சைடோ, மேகமற்ற காற்றில், மணிக்குச் சில விழுக்காடு அளவில்தான் சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் அத்துகள் நாள்கணக்கில் காற்றில் தங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கும். ஆகவே, அது பெரிதும் உருவாவதற்கு முன்பே நம் கணக்கு முடிந்துவிடுகிறது. 275 மீட்டர் உயரப் புகைபோக்கி அருகிலுள்ள ஊரை ஓரளவு காக்கும். ஆனால் வெளியேறும் கந்தகத்தில் ஒரு கிராமைக்கூட அது குறைப்பதில்லை.

இந்த மதிப்பீட்டு அறிக்கைகளில் புகை பரவுவதைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் ஏர்மாட் (AERMOD) என்ற கணினி மாதிரி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரையிலான தொலைவுக்கென உருவாக்கப்பட்டது. சல்பேட் உருவாவதை அது கணக்கிடாது. போதாக்குறைக்கு, மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவே பெரும்பாலும் போதுமென ஏற்கப்படுகிறது. வல்லூர், வடசென்னை நிலையங்களின் புகையை அம்பத்தூர், பூந்தமல்லி வழியே காஞ்சிபுரம் நோக்கித் தள்ளுவது வடகிழக்குப் பருவக்காற்று. அது வீசும் மாதங்களை விட்டுவிட்டு வரையப்படும் காற்றுத் திசைப் படம் யாருக்குப் பயன்படும்?

தொலைவைக் கணக்கிட முடியாது என்று சொல்வதற்கில்லை. பிறநாட்டுப் புகையால் ஸ்வீடனின் ஏரிகள் அமிலமாவது தெரியவந்தபின், ஐரோப்பிய நாடுகள் 1979இல் ஜெனீவாவில் உடன்படிக்கை செய்துகொண்டன. எந்த நாட்டின் கந்தகம் எங்கே எவ்வளவு படிகிறது என்பதை மாதிரிகள் கொண்டு தொடர்ந்து கணக்கிட்டும் வருகின்றன. அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டின் விதி, ஒரு மாநிலத்தின் புகை காற்று வீசும் திசையிலுள்ள மாநிலங்களுக்கு இழைக்கும் கேட்டைக் கணக்கிட்டே வரம்பு வகுத்தது.

தமிழகத்தின் ஒவ்வொரு அனல்மின் நிலையத்துக்கும், ஓராண்டு முழுமைக்குமான வானிலைத் தரவுடன், சல்பேட்டையும் சேர்த்துக் கணக்கிடும் தொலைதூர மாதிரி ஆய்வை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதன் முடிவுகள் மாவட்டவாரியாகத் தமிழில் வெளியிடப்பட வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டங்கள் காற்று செல்லும் மாவட்டங்களிலும் நடத்தப்பட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காஞ்சிபுரம்.