சாண்டி கிரீக் சபையும் அதன் கல்லறைத் தோட்டமும்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

ஸ்தோத்திரம். நான் நலமாக இருக்கிறேன். குளிர் விலகிவிட்டது, வேலையும் பழகிவிட்டது. வார நாட்கள் ஒன்றைப் போலவே மற்றொன்று கழிவதால் அவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை. அமெரிக்காவில் பழமை என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று அப்பா சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். உடன் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், வட கரோலினாவின் ராண்டால்ஃப் கவுண்டியில் உள்ள சாண்டி கிரீக் என்னும் பாப்டிஸ்ட் சபைக்கு என்னை அழைத்துச் சென்றார். குழந்தைகளுக்கு அல்லாமல், தாமாக விசுவாசத்தை அறிக்கையிடுபவர்களுக்கே நீரில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் கிறிஸ்தவர்களே பாப்டிஸ்டுகள். அவருடைய முன்னோர் அந்தச் சுற்றுவட்டாரத்தவர். உங்கள் கேள்விக்கு அந்த இடத்தைப் பற்றிச் சொல்வதே சரியான பதில் என்று நினைக்கிறேன்.

லிபர்ட்டி என்னும் சிற்றூருக்கு அருகே, மேய்ச்சல் நிலங்களைக் கடந்து போனால், மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய சிறிய ஜெபவீடு ஒன்று நிற்கிறது. கோபுரம் கிடையாது. தெரியாதவர் யாரோ ஒரு குடியானவரின் பழைய வீடு என்று எண்ணிக் கடந்து போய்விடுவார். ஆனால் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பாப்டிஸ்ட் சபைகளாகத் தென்படுவதற்கு இந்த இடம் ஒரு முக்கியக் காரணம்.

1755இல் ஷூபல் ஸ்டேர்ன்ஸ் என்னும் போதகர், தம் குடும்பத்தாரும் உறவினருமாக, தம்மையும் சேர்த்து 16 பேராக இங்கு வந்து சபையை நிறுவினார். பாஸ்டனில் பிறந்த அவர், பெரிய எழுப்புதல் என்று அழைக்கப்பட்ட அந்நாளைய பக்தி இயக்கத்தால் தொடப்பட்டு, பிறகு முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய தங்கை கணவரான டேனியல் மார்ஷலும் உடன் வந்தார். தங்கை மார்த்தாவும் பிரசங்கம் செய்தார் என்பதை அம்மா கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் பெண்கள் பிரசங்க மேடை ஏறுவதைப் பற்றி அண்மைக்காலம் வரை எத்தனை வாக்குவாதம்! அந்த 16 பேர் சில ஆண்டுகளில் 606 பேர் ஆனார்கள். 1772இல் இப்பகுதியைச் சுற்றிப் பார்த்து எழுதிய மார்கன் எட்வர்ட்ஸ் என்னும் போதகர், 17 ஆண்டுகளில் இந்த ஒரு சபையிலிருந்து 42 சபைகளும் 125 போதகர்களும் தோன்றியதாகக் கணக்கிட்டு, இதைத் தாய் என்றும் பாட்டி என்றும் கொள்ளுப்பாட்டி என்றும் அழைத்தார்.

அவர்கள் கைக்கொண்ட சடங்குகள் ஒன்பது. முழுக்கும் திருவிருந்தும் நமக்குத் தெரிந்தவை. அன்பின் விருந்து, கை வைத்தல், ஒருவர் காலை ஒருவர் கழுவுதல், நோயாளிக்கு எண்ணெய் பூசுதல், வலக்கை கொடுத்து ஐக்கியத்தில் சேர்த்தல், பரிசுத்த முத்தம் ஆகியவையும் இருந்தன. ஒன்பதாவது, குழந்தைகளை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது. நாம் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வேளையில் அவர்கள் ஜெபத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு வந்தது வீழ்ச்சி. அதிகாரிகள் முறைகேடாக வரியும் கட்டணமும் வசூலித்ததை எதிர்த்து இந்த உட்பகுதிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1771 மே 16 அன்று அலமான்ஸ் என்னும் இடத்தில் அன்றைய பிரிட்டிஷ் ஆளுநர் ட்ரையனின் படை அவர்களை முறியடித்தது. அதன்பின் குடும்பம் குடும்பமாக மக்கள் வெளியேறிவிட, 606 பேர் இருந்த சபையில் 14 பேரே மிஞ்சினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேர்ன்ஸும் மரித்து இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். போனவர்கள் போன இடமெல்லாம் சபை நிறுவினார்கள். டேனியல் மார்ஷல் ஜார்ஜியாவில் 1772இல் தொடங்கிய கியோக்கி சபை அவற்றுள் ஒன்று. ஊரைவிட்டுப் போனவர்களால்தான் இந்தச் சபை பெருகியது என்பது, ஊரைவிட்டு வந்த எனக்குச் சற்று ஆறுதலாகவும் இருந்தது.

அப்பாவுக்குப் பிடித்த பகுதி இனித்தான். அடோனிராம் ஜட்சன் என்னும் அமெரிக்க மிஷனெரி 1812இல் கல்கத்தாவில், செராம்பூர் மிஷனெரி வில்லியம் கேரியின் தோழரான வில்லியம் வார்டின் கையால் முழுக்குப் பெற்று, அடுத்த ஆண்டு பர்மா சென்றார். அவரைத் தாங்குவதற்காக இங்குள்ள பாப்டிஸ்டுகள் 1814இல் பிலடெல்பியாவில் கூடி மிஷன் அமைப்பொன்றை உருவாக்கினார்கள். இப்படிக் காணிக்கை திரட்டிக் கடல் கடந்து ஆள் அனுப்புவதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா என்ற சண்டை ஊர் ஊராகப் பரவி, 1830களில் சாண்டி கிரீக்கையும் இரண்டாக உடைத்தது. மிஷன் சங்கங்களை ஏற்காத ஆதி பாப்டிஸ்டுகளிடம் இந்தப் பழைய ஜெபவீடு தங்கிவிட, மற்றவர்கள் அருகிலேயே வேறு ஆலயம் அமைத்துக்கொண்டார்கள். நம் திசை நாடுகளுக்கு மிஷனெரிகளை அனுப்பலாமா என்ற விவாதத்தில், நம்மில் ஒருவரைக்கூடப் பார்த்திராத குடியானவர்கள் அண்ணனும் தம்பியுமாகப் பிரிந்து நின்றிருக்கிறார்கள். எனக்கு இது வியப்பாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் வெகுநேரம் நடந்தோம். இப்பகுதியின் பழைய கல்லறைகளில் உடலைக் கால் கிழக்கு நோக்கும்படி வைப்பது வழக்கம். உயிர்த்தெழும் நாளில் எழுந்து நின்றால் முகம் கிழக்கைப் பார்க்க வேண்டும் என்பது நம்பிக்கை. கல்வெட்டுக்குப் பணமில்லாதவர்கள் வயலில் கிடைத்த கல்லையே தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக நட்டார்கள். பெயரில்லாத அந்தக் கற்களுக்குக் கீழே யார் என்பதை ஊர்ப் பெரியவர்களின் நினைவே வைத்திருந்தது; அவர்கள் போனபின் அதுவும் போயிற்று.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். இந்த மாநிலத்தின் பல பாப்டிஸ்ட் சபைகளில் அடிமைகளும் அங்கத்தினராக இருந்தார்கள்; ஒரே ஆற்றில் முழுக்குப் பெற்றும், தனியே உட்கார வைக்கப்பட்டார்கள். அடிமை வைத்திருப்பவர் மிஷனெரி ஆகலாமா என்ற தகராறில் தென்பகுதிச் சபைகள் 1845இல் பிரிந்து தங்களுக்கென்று தனிச் சபைக் கூட்டமைப்பு அமைத்தன. அந்தக் கூட்டமைப்பு அதற்காக வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டது 1995இல்தான். அடிமை விடுதலைக்குப் பின் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று சபைகள் கட்டிக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டத்திலும் ஓரம் ஒதுக்கும் வழக்கம் எங்கிருந்து வருகிறது என்று நாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எந்தச் சபையில் சேர்ந்திருக்கிறேன் என்று அம்மா மறுபடியும் கேட்பீர்கள். ஊர் மாறும் அங்கத்தினருக்குச் சபை கடிதம் கொடுத்து அனுப்புவது இங்குள்ள பாப்டிஸ்டுகளிடமும் பழைய வழக்கம்தான். ஆனால் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதால், நம் போதகர் எனக்குக் கொடுத்த கடிதம் இவர்களிடம் செல்லாது. மறுபடி முழுக்கு எடுக்க வேண்டும். அதற்கு எனக்கு மனமில்லை. ஆகவே கடிதத்தை அருகிலுள்ள மெத்தடிஸ்ட் சபையில் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்