கித்தார் சோலோ மேடையில் ஏன் அமுங்கிப் போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது எதிர்வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "உன்னைத்தாம்மா தேடிக்கிட்டிருந்தேன். தம்பி ஏதோ பூஸ்ட் பெடல் வேணும்ங்கிறான். முந்நூத்தி அம்பது வெள்ளியாம். சோலோவைத் தூக்கிக் கொடுக்குமாம். போன வருஷம்தான் ஒரு பெடல் வாங்கிக் கொடுத்தோம், அது போதாதா?" என்று கேட்டார். பூஸ்ட் பெடல் என்பது கித்தாரின் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும், காலால் அழுத்தும் ஒரு சிறு பெட்டி. சோலோ என்பது பாட்டின் நடுவில் கித்தார் தனித்து முன்னால் வரும் பகுதி. இதே கேள்வியை இந்த ஆண்டில் என்னிடம் கேட்ட மூன்றாவது பெற்றோர் அவர். அதனால்தான் எல்லாருக்குமாகச் சேர்த்து இந்தக் கடிதம்.

அக்காவின் மகனான அந்தத் தம்பி உயர்நிலை நான்கு முடித்தவன். இந்தத் தீபாவளிக்கு எங்கள் சமூக மன்றத்தில் அவன் குழு வாசித்தபோது நானும் போயிருந்தேன். பாட்டின் நடுவில் அவனுடைய சோலோ வந்தது. விரல்கள் சரியாகத்தான் ஓடின. காலால் பெடலை அழுத்தினான், சிவப்பு விளக்கும் எரிந்தது. ஆனால் ஒலி முன்னால் வரவில்லை. தேனீக் கூட்டம் மாதிரி ஓர் இரைச்சல் கூடியது, அவ்வளவுதான். கீபோர்டும் டோலக்கும் அதை விழுங்கிவிட்டன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா கைதட்டினார். மகன் வாசித்ததை அவர் கண்ணால்தான் பார்த்தார், காதுக்கு எதுவும் வந்து சேரவில்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. மூன்று மாதமாகத் தினமும் அந்தப் பன்னிரண்டு வரியைத்தான் அவன் அறைக்குள் பயிற்சி செய்துகொண்டிருந்தான். எங்கள் தளத்தில் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திருமண மேடைகளிலும் சமூக மன்றங்களிலும் லீட் கித்தார் வாசித்து வருகிறேன். பகலில் செவித்திறன் பரிசோதிப்பது என் வேலை. இந்த இரண்டும் எனக்கு ஒரே விஷயத்தைத்தான் கற்றுக் கொடுத்திருக்கின்றன.

வயதான பெற்றோரை எங்களிடம் அழைத்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வார்கள்: "டிவி சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும், சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியலைங்கிறார்." வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் உரக்க ஒலிப்பதால் அவை கேட்டுவிடும். சொல்லைச் சொல்லாக ஆக்கும் ச, த, ப போன்ற ஒலிகளின் கூர்மை மேலே இருப்பதால் நழுவிவிடும். மொத்தச் சத்தத்தையும் கூட்டினால் உயிரொலிகள் இன்னும் அதிரும், சொல் பிடிபடாது. அதனால்தான் செவிப்புலக் கருவியை எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே அளவாகக் கூட்டி வைப்பதில்லை. ஒலிபுகா அறையில் 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாகச் சோதித்து, எங்கே குறைகிறதோ அங்கே மட்டும் தூக்கிக் கொடுக்கிறோம்.

தம்பியின் சோலோவுக்கு நேர்ந்ததும் இதுதான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையில், அண்டை வீட்டார் கோபித்துக்கொள்ளாத அளவுக்கு ஆம்பை (கித்தாரின் ஒலிபெருக்கியை) தணித்து வைத்துப் பழகுகிறார்கள் பிள்ளைகள். தணிந்த ஒலியில் நம் காதுக்குத் தாழ்ந்த அதிர்வெண்கள் சரியாகக் கேட்காது, மிக உயர்ந்தவையும் கொஞ்சம் மங்கும். இதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் பெல் ஆய்வுக்கூடத்தில் அளந்து 1933-இல் வெளியிட்டார்கள். அறையில் ஒலி மெலிந்து கேட்பதால் பிள்ளைகள் பேஸையும் (தாழ்ந்த ஒலி) ட்ரெபிளையும் (உயர்ந்த ஒலி) ஏற்றி, மிடிலை (இடைப்பட்ட ஒலி) இறக்கி வைக்கிறார்கள். அறைக்குள் அது பிரமாதமாக இருக்கும். அதே அமைப்போடு மேடை ஏறி ஒலியைக் கூட்டினால், ஏற்றி வைத்த பேஸ் போய் பேஸ் கித்தாரோடும் டோலக்கோடும் கலந்துவிடும். ட்ரெபிளை டிரம்ஸின் உலோகத் தட்டுகள் மூடிவிடும். இறக்கி வைத்த மிடிலில்தான் கித்தாரின் உயிர் இருக்கிறது. மெல்லிய முதல் கம்பியில் 12-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பிறக்கும் சுரம் 659 ஹெர்ட்ஸ். சோலோவின் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான் நடக்கிறது. அந்த இடத்தை நாமே காலி செய்துவிட்டு, அடுத்த பெடலைத் தேடிக் கடைக்குப் போகிறோம்.

இனி பெடல்கள். பூஸ்ட் என்ற பெயரில் கடையில் கிடைப்பவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வன அல்ல. எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் போன்ற கிளீன் பூஸ்ட், வரும் ஒலியை அதிகம் மாற்றாமல் பெரிதாக்கும். அதில் உச்சம் 26 டெசிபல், அதாவது மின்னழுத்தம் ஏறக்குறைய 20 மடங்கு. சோலோவுக்கு அவ்வளவு தேவையே இல்லை. 3 முதல் 6 டெசிபல் போதும். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் (ஒலியை லேசாக உடைத்துக் கரகரப்பாக்கும் பெடல்), தாழ்ந்த ஒலியை வெட்டிவிட்டு 720 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மேடு கட்டும். டிரைவை (கரகரப்பின் அளவு) குறைத்து லெவலை (ஒலியின் அளவு) கூட்டி, ஏற்கெனவே லேசாக உடையும் வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்புக்கு முன்னால் வைத்தால் அருமையாகப் பாடும். ட்ரெபிள் பூஸ்டர் என்று ஒரு பழைய வகை உண்டு. குயீன் குழுவின் பிரையன் மே அதை வைத்துத்தான் தன் ஒலியைக் கட்டினார். ஆனால் அதற்கேற்ற ஆம்ப் இல்லாத பிள்ளைக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது பலருக்கும் மந்தமாகத் தோன்றும் ஒன்று: ஈக்யூ பெடல், அதாவது அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் பெடல். என்னுடையது பாஸ் நிறுவனத்தின் ஜிஇ-7. சுண்டு விரல் நகம் அளவில் எட்டுக் குமிழ்கள் வரிசையாக நிற்கும். 100 ஹெர்ட்ஸ் முதல் 6.4 கிலோஹெர்ட்ஸ் வரை ஏழு, கடைசியில் மொத்த அளவுக்கு ஒன்று. 100-ஐக் கொஞ்சம் இறக்கியிருக்கிறேன். 800-ஐ 4 டெசிபலும் 1.6-ஐ 3 டெசிபலும் ஏற்றியிருக்கிறேன். 6.4-ஐ ஏற்றினால் 'உஸ்' என்று காற்றொலி வரும் என்பதால் அதையும் சற்றே இறக்கி, மொத்த அளவை 3 டெசிபல் கூட்டியிருக்கிறேன். குமிழ்கள் நகராமலிருக்க மேலே வெள்ளைப் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். செவிப்புலக் கருவிக்குச் செய்வதைத்தான் இங்கே கித்தாருக்குச் செய்கிறேன்.

எந்தப் பெடல் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பது பெரிய விஷயம். ஏற்கெனவே நிரம்பி வழியும் டிஸ்டார்ஷனுக்கு (ஒலியை நன்றாகக் கரகரப்பாக்கும் பெடல்) முன்னால் பூஸ்டை வைத்தால் ஒலி பெரிதாகாது, கரகரப்புதான் கூடும். நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றுவது போலத்தான். போன வருஷம் வாங்கிய பெடலைத் தம்பி அப்படித்தான் வைத்திருந்தான். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால், ஆம்பின் கரகரப்பையே பயன்படுத்துகிறவர் என்றால் ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பில் கரகரப்பு உண்டான பிறகு பெடலை இணைக்கும் இடம்), பூஸ்டை வைத்தால்தான் சோலோ நிஜமாக முன்னால் வரும். நம் பாட்டுகளுக்கு இது இன்னும் முக்கியம். கமகத்தில் சுரம் எழும்பி அடங்கும் நுட்பம் எல்லாம் மிதமிஞ்சிய கரகரப்பில் ஒரே மட்டமாகிவிடும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் கர்நாடக இசையை எவ்வளவு தெளிவாக வாசித்தார் என்பதைப் பிள்ளைகள் ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பெற்றோருக்கு இன்னொன்று. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ் அடாப்டர் வேண்டும். பழைய ஃபஸ் பெடல்கள் சிலவற்றில் இது தலைகீழ், எனவே பெடலில் அச்சிட்டிருக்கும் படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஜப்பானிலிருந்து தோழி ஒருத்தி அன்போடு வாங்கி வந்த அடாப்டரை, முனை மட்டும் மாற்றி இங்கே செருகினேன். அது 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம்முடையது 230. திருமண வரவேற்பு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது புகை வந்தது. அன்று இரவு முழுக்கப் பெடலே இல்லாமல், கித்தாரின் வால்யூமை ஏழில் வைத்துப் பாட்டுக்குப் பின்னணியாகத் தாளம் வாசித்து, சோலோவுக்குப் பத்துக்கு ஏற்றிச் சமாளித்தேன். பணமே செலவழிக்காத பூஸ்ட் அதுதான். தொடக்க நிலைப் பிள்ளைகள் முதலில் அதைப் பழகட்டும். ஆம்ப் அதிகம் உடையாமல் இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும்.

அக்காவின் மகனை ஒரு சனிக்கிழமை பெனின்சுலா ஷாப்பிங் சென்டரிலுள்ள இசைக்கருவிக் கடைக்கு அழைத்துப் போனேன். சொந்தக் கித்தாரையும் சொந்த டிஸ்டார்ஷன் பெடலையும் கையோடு கொண்டுவரச் சொன்னேன். கடையில் முதலில் தாளத்தை, மேடையில் வாசிக்கும் அளவுக்கு வாசிக்கச் சொன்னேன். பிறகு அவன் விரும்பிய பெடலை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தோம், அடுத்து பின்னால். அவன் முகம் மாறியது. "அக்கா, இது வேற பெடல் மாதிரி இருக்கு" என்றான். இரண்டும் ஒரே பெடல்தான், கேபிளைச் செருகும் இடத்தைத்தான் மாற்றினோம். கடைசியில் அந்த முந்நூற்றைம்பது வெள்ளிப் பெடலை வாங்கவில்லை. வேறொருவர் பயன்படுத்திய ஈக்யூ பெடல் ஒன்றை 80 வெள்ளிக்கு வாங்கினான். மீதிப் பணத்தில் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கச் சொன்னேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். சிறிய ஜாமிங் ஸ்டூடியோவில் 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். இருபது வயதில் காதில் ரீங்காரத்தோடு வரும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன், ஐயா. அதைத் திரும்பச் சரிசெய்ய எங்களிடம் மருந்து இல்லை.

பெடல் சரியாக அமைந்தாலும் ஒரு கண்ணி பாக்கி இருக்கிறது. மேடையில் தாள ஒலியை மட்டும் கேட்டு மிக்சரில் அளவு வைத்துவிட்டால், சோலோ வரும்போது ஒலியமைப்பாளர் திடுக்கிட்டு இறக்கிவிடுவார். அல்லது அந்தச் சேனலில் போட்டிருக்கும் கம்ப்ரஸர் (உரத்த ஒலியைத் தானாகவே தணிக்கும் கருவி) பூஸ்டை அப்படியே அமுக்கிவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு யாரும் சொல்லவில்லை. சவுண்ட் செக்கில் முதலில் தாளம், பிறகு சோலோ, இரண்டையும் வாசித்துக் காட்டி, "அண்ணே, இந்த அளவுக்கு ஏறும், இறக்கிடாதீங்க" என்று சொன்னால் போதும்.

ஆனால் நம் நிகழ்ச்சிகளில் சவுண்ட் செக்குக்கு நேரம் எங்கே கிடைக்கிறது? நாற்காலி போடும் நேரத்தில் "செக், செக்" என்று மைக்கைத் தட்டுவதோடு முடிந்துவிடுகிறது. நான் வாசித்த ஒரு நிகழ்ச்சியில் வரவேற்புரைக்கும் நினைவுப் பரிசுக்கும் நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள், நான்கு இளையர் குழுக்களின் ஒலிச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. மாதக்கணக்கில் உழைத்த பிள்ளைகள் யார் காதுக்கும் எட்டாமல் மேடையிலிருந்து இறங்கினார்கள்.

பொங்கல் நிகழ்ச்சிகளுக்கு இப்போது சமூக மன்றங்களில் நிரல் தயாராகிக்கொண்டிருக்கும். இளையர் இசைக்குழு ஒவ்வொன்றுக்கும் பார்வையாளர் வருமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, அதை நிரலிலேயே எழுதிவிடும்படி ஏற்பாட்டாளர்களை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எதிர்வீட்டுத் தம்பியும் வாசிக்கிறான். அதே பன்னிரண்டு வரிதான். இம்முறை அவன் அம்மா கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி