மொட்டை மாடியில் சூரியன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்திக்கு வீடே குதித்தது. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. ஓய்வுக்குப் பிறகு பகலெல்லாம் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். சூரியனில் புள்ளி எண்ணுகிறேன். சிரிக்காதே.

சின்னத் தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்துப் பார்க்கிறேன் (நேராகக் கண்ணை வைத்தால் பார்வையே போய்விடும்). புள்ளியின் நடு மைபோலக் கறுப்பு, சுற்றிலும் சாம்பல் விளிம்பு. அந்த விளிம்பில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909இல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் கண்டுபிடித்தது நம் கொடைக்கானலில்தான்.

எண்ணுவதில் ஒரு வேடிக்கை உண்டு. சுவிட்சர்லாந்து வானியலாளர் ருடால்ஃப் வுல்ஃப் 1848இல் ஒரு கணக்கு வைத்தார்: ஒரு புள்ளிக் கூட்டத்துக்குப் பத்து, அதோடு தனிப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இன்று காலை மூன்று கூட்டங்கள், ஏழு புள்ளிகள். ஆக 37. ஒரே ஒரு புள்ளி இருந்தாலும் 11 வந்துவிடும். ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணும் வராது! முரட்டுக் கணக்குதான். ஆனால் என் கருவிக்கு மங்கலான புள்ளி தப்பினாலும் கூட்டம் தப்பாது என்பதால், பெரிய கருவியோடு ரொம்ப விலகாது. மீதி வித்தியாசத்தை ஆளுக்கொரு திருத்த எண்ணால் பெருக்கிச் சரிசெய்கிறார்கள். இப்போது உலகக் கணக்கு பிரஸ்ஸல்ஸில் சேர்கிறது.

ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகிக் குறைவதை முதலில் கண்டவர் ஜெர்மனியில் மருந்துக்கடை நடத்திய ஷ்வாபே. புதனுக்கு உட்புறம் ஒரு கோள் இருக்குமா என்று தேடப் போனவருக்கு 1843இல் கிடைத்தது இது. நம்மைப் போன்றவர்களுக்கு அது போதாதா?

எண்ணுவது சுலபம், முன்கூட்டிச் சொல்வதுதான் கஷ்டம். இந்த 11 ஆண்டுச் சுழற்சிகளில் 25ஆவது, வுல்ஃப் கணக்கில் 2025 ஜூலை வாக்கில் 115ஐத் தொடும் என்றார்கள் நிபுணர்கள். அது 2024 அக்டோபரிலேயே ஏறத்தாழ 161ஐத் தொட்டது. அதுவும் உடனே தெரியாது, 13 மாதச் சராசரி என்பதால் உச்சம் கடந்து அரை வருடம் ஆனால்தான் உறுதி. 2024 மே மாதத்தில் சூரியப் புயலால் லடாக்கின் ஹான்லே வரை வானம் துருவ ஒளியால் சிவந்தது, படம் பார்த்திருப்பாய்.

அப்புறம், பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அதை எழுதவேயில்லையே.

அன்புடன்,
முத்து