வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஆடிப் பட்டம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். ஆடி பிறந்த வாரத்தில் நீங்கள் தொலைபேசியில் அழைத்து, வெண்டை போட்டாயிற்றா என்று விசாரித்துவிட்டு, "பன்னிரண்டாம் மாடியில் என்னடா வெள்ளாமை" என்று சிரித்தீர்கள். அந்த வெள்ளாமையின் கணக்கை இப்போது உங்களிடம் ஒப்படைக்கிறேன். ஆறு செடிகள், மூன்றரை வாரப் பறிப்பு, மொத்தம் 41 காய்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு முறை பொரியலும் ஒரு முறை புளிக்குழம்பும் ஆயிற்று. தொட்டி, மண், உரம் எல்லாவற்றுக்கும் ஆன செலவைக் காய்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்த அம்மா, இங்கே சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் தங்கத்தில் செய்த வெண்டைக்காய் விற்றாலும் இதைவிட மலிவாகக் கிடைக்கும் என்றார். ஒரத்தநாட்டில் உங்களோடு வயலில் வளர்ந்தவர் என்பதால் நான் மறுத்துப் பேசவில்லை.

விதைப்பில் நான் குறை வைக்கவில்லை. ஆடி முதல் தேதி, அதாவது ஜூலை 17, முதல்நாள் இரவே ஊறவைத்த விதைகளைத் தொட்டிக்கு இரண்டாக ஊன்றினேன். ஐந்தாம் நாள் முளைத்தன. வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளினேன். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று சிறுவயதிலிருந்து காதில் விழுந்த சொல்லை அப்படியே கடைப்பிடித்தேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நம் ஊரின் ஆறும் மழையும் இருக்கின்றன என்பதை அப்போது யோசிக்கவில்லை. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறக்கும் தண்ணீரும், அதன்பின் வடகிழக்குப் பருவமழையும் அங்கே பட்டத்தை முடிவுசெய்கின்றன. இங்கேயோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழையே இல்லாத மாதம் என்று ஒன்று இல்லை. பகற்பொழுதும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சில நிமிடங்களே வேறுபாடு. இப்படிப்பட்ட ஊரில் எந்த மாதம் விதைத்தால் என்ன, ஆடியும் ஒரு நல்ல மாதம்தானே என்று எண்ணிவிட்டேன். வீடு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்ற கேள்வி எனக்கும் தோன்றவில்லை, நீங்களும் கேட்கவில்லை. வானத்தின் கீழே விவசாயம் செய்பவருக்கு அப்படியொரு கேள்வி தோன்றியிருக்கவும் முடியாது.

எங்கள் பொதுத் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருப்பதால், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் எங்கள் வடக்குப் பக்கத்தில் நிற்கிறது; அதன்பின் கட்டடத்தின் தலையைத் தாண்டித் தெற்கே போய்விடுகிறது. தீவிபத்தின்போது மக்கள் வெளியேறுவதற்காகத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பது விதி. அதை அளந்து விட்டபிறகு, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு மரத்தட்டு வைக்கத்தான் எனக்கு இடம் மிஞ்சியது. அந்தப் பலகையில்தான் என் பாடம் எழுதப்பட்டது. இங்கே கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுவதால் உச்சிப்பொழுது பகல் ஒரு மணியை ஒட்டித்தான் வரும். ஆடியில் அந்த நேரத்தில் பலகை முழுவதும் வெயில் கிடந்தது. ஆவணி நடுவில் பார்த்தபோது பாதிப் பலகையில் நிழல் ஏறியிருந்தது. சந்தேகப்பட்டு நிழலின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன்; நான்கு நாள் கழித்து நிழல் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றது. புரட்டாசி பிறந்தபோது, சுவரோரமாக ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் வெயில் இருந்தது. பலகையில் இன்றும் ஏழு கோடுகள் இருக்கின்றன, அழிக்க மனம் வரவில்லை.

செடிகள் பூத்ததோ செப்டம்பர் தொடக்கத்தில். இளமஞ்சள் இதழும் அடியில் கருஞ்சிவப்புமாகக் காலையில் விரிந்து மாலைக்குள் சுருண்டுவிடும் அந்தப் பூவைப் பார்க்க, பக்கத்து வீட்டு மலாய் அம்மா தினமும் கதவைத் திறந்து வந்து நின்றார். அவர் வாசலில் இருப்பவை பாண்டான், செராய், லெங்குவாஸ் ஆகிய சமையல் வாசனைச் செடிகள் மட்டும்தான். ஏன் காய்கறி வைக்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன். கையை வெளிப்பக்கமாக நீட்டி, அரை ஆண்டு வெளிச்சம், அரை ஆண்டு இருட்டு என்று சாதாரணமாகச் சொன்னார். இருபது ஆண்டுகளாக அதே வாசலில் இருப்பவர். ஜூலையில் நான் தொட்டிகளை ஏற்றிவந்தபோதே இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பென்சிலுக்கு வேலை இருந்திருக்காது.

வெயில் விலகியதும் தண்டுகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நீண்டன. புதிய மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. நான் உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் இட்டேன். இலைகள் மட்டும் பெரிதாயின. எனக்கு இப்போதும் வெட்கமாக இருப்பது அந்த ஒரு வாரம்தான்.

மண் விஷயத்தில் நீங்கள் சொன்னதை நான் மீறினேன், நல்லவேளையாகப் பிழைத்தேன். "களிமண் கலந்தால்தான் செடி நிற்கும்" என்றீர்கள். வயலுக்கு அது சரி. தொட்டியில் களிமண் இறுகினால் ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்குகிறது. இங்கே அது செடிக்கு மட்டும் கேடு இல்லை. இருபது காசு நாணயம் அளவு தண்ணீர் தேங்கினாலும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். காய்ந்த பாத்திரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி ஈரம் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் பூந்தொட்டித் தட்டிலுள்ள நீரைக் கொட்டுவதோடு, இறுகிய மண்ணைக் கிளறிவிடுவதையும் டெங்கித் தடுப்பு நடவடிக்கைகளில் ஒன்றாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் வலியுறுத்துகிறது. நீங்கள் களைக்கொட்டு எடுத்துச் செய்வதை நான் பழைய முட்கரண்டியால் செய்கிறேன். அடித்தட்டுகளை எடுத்தே விட்டேன். மட்கிய உரத்தோடு தென்னை நார்த்தூளைச் சரிபாதி கலந்தேன். கடையில் வாங்கிய பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் பொள்ளாச்சியில் தயாரானது என்றிருந்தது. நம் ஊர்த் தென்னைமட்டை கடல்கடந்து வந்து என் வெண்டைக்கு மண்ணாயிற்று.

மாவுப்பூச்சி வந்ததற்குக் காரணம், மழை நேராக விழாத கூரைக்குக் கீழே செடி இருப்பதுதான். வயலில் ஒரு பெருமழை கழுவிவிடும் பூச்சிகளை இங்கே நான்தான் கழுவவேண்டியிருக்கிறது. லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளித்தேன். மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்பு ஏறும் வழியை அடைத்தபிறகே பூச்சி முழுமையாக ஓய்ந்தது.

தக்காளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரவிலும் வெப்பம் 25 பாகையை ஒட்டியே நிற்கும் ஊரில் பூ உதிர்வது அதன் இயல்பு. வெப்பம் தாங்கும் சிறு ரகங்களை மட்டும் இனி முயல்வேன். நீங்கள் பெருமையாகச் சொன்ன கொடி அவரை கம்பி முழுவதும் படர்ந்து ஒரு பூகூட விடவில்லை. பகல் குறையும்போது பூக்கும் பழைய ரகத்துக்கு, பகலே குறையாத ஊரில் தை மாதம் வந்ததை யார் சொல்வது? அதன் இலைநிழல் மட்டும் பூனைகளுக்குப் பயன்பட்டது.

இப்போது மார்கழி. சூரியன் தெற்கே போய், சமையலறைப் பக்கம் துணி காயும் மூங்கில் கழிகளின்மேல் காய்கிறது. அங்கே தொட்டி வைத்தால் பன்னிரண்டு மாடி கீழே யார் தலையிலாவது விழும் என்பதால் அந்த எண்ணத்துக்கே இடமில்லை. தாழ்வாரத்தில் தவசிக்கீரை, பசலை, வல்லாரை ஆகியவற்றை வைத்திருக்கிறேன். இந்த மங்கிய வெளிச்சத்திலும் தவசிக்கீரை வாரம் ஒரு கைப்பிடி தருகிறது. முட்டையோடு வதக்கும் விதத்தை மலாய் அம்மாதான் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார்.

தேசியப் பூங்காக் கழகம் இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்திகளைப் பூங்காக்களில் வாடகைக்கு விடுகிறது. அடுத்த முறை எங்கள் பக்கத்துப் பூங்காவில் விண்ணப்பம் திறக்கும்போது நானும் போடுவேன். கிடைத்தால் திசைக் கவலை தீரும். கிடைக்காவிட்டால், பங்குனியில் சூரியன் வடக்கே திரும்பும் வாரத்தில் இதே பலகையில் வெண்டை ஊன்றப்போகிறேன். அப்போது செடிக்கு ஆறு மாத வெயில் கிடைக்கும்.

விதை வாங்க வேண்டாம். முதலில் காய்த்த ஒன்றைப் பறிக்காமல் செடியிலேயே முற்றவிட்டேன். அந்தச் செடி அதன்பின் காய்ப்பைக் குறைத்துக்கொண்டது, அம்மாவின் கணக்கில் அதுவும் நட்டம்தான். ஐப்பசியில் காய் பழுப்பேறி விளிம்புகளில் வெடித்தது. இந்த ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துவிடாதிருக்க இரண்டு நாள் அரிசியில் புதைத்துவைத்துப் பிறகு உரித்தேன். 52 விதைகள். சிறு புட்டியில் அடைத்து, குளிர்பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவற்றில் சில சாம்பல் பச்சையாக இல்லாமல் வெளிறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடலாமா, அல்லது ஊறவைத்து மிதப்பதைப் பார்த்து முடிவுசெய்யலாமா என்று அடுத்த முறை அழைக்கும்போது சொல்லுங்கள். அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
யீஷூன், சிங்கப்பூர்